பதினேழாவது பெயர் எங்கே போனது?

சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருக்கிறது. மறுநாள் விடிகாலை ஓட வருகிறவர்கள் அதில் பெயர் சேர்க்க வேண்டும். முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைசியாக வந்த பட்டியலைக் காப்பி எடுத்து, கீழே அடுத்த எண்ணையும் தன் பெயரையும் எழுதித் திரும்பப் போட்டுவிட வேண்டும். பதினாறு வரை ஒழுங்காகப் போகும். அப்புறம் இருவர் ஒரே நேரத்தில் காப்பி எடுப்பார்கள். இரண்டு பட்டியல்கள் வரும். இரண்டிலும் பதினேழாவதாக வேறு வேறு பெயர். மூன்றாமவர் அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொடர்வார். மற்றப் பெயர் காணாமல் போகும். நடுவே யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல, இருபது கேக் படங்கள் வரிசை கட்டும். பட்டியல் எங்கோ மேலே போய்விடும். "நாளைக்கு எத்தனை மணிக்கு, எங்கே?" என்று ஐந்தாவது ஆள் கேட்பார்.

தண்ணீர் கேனும் வாழைப்பழமும் எத்தனை பேருக்கு என்று கணக்குப் போட வேண்டியவர் அந்த நேரத்தில் விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் பதினேழாவது பெயரைத் தேடிக்கொண்டிருப்பார். அவரும் ஓடலாம் என்றுதான் குழுவில் சேர்ந்தார்.

ஓட்டக் குழு என்றால் வெளியே இருப்பவர்கள் கண்ணில் படுவது விடிகாலை வியர்வை மட்டும். பாதி வேலை எழுத்து வேலை என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். யார் உறுப்பினர், யார் சந்தா கட்டவில்லை, யாருக்கு எந்த அளவு டி-ஷர்ட், யாருக்கு ஆஸ்துமா, மயங்கி விழுந்தால் வீட்டில் யாரைக் கூப்பிடுவது, இந்த ஞாயிறு தண்ணீர் மேசையில் யார் நிற்பது, புதிதாக வந்தவரோடு மெதுவாக யார் ஓடுவது என்று பட்டியல் நீளும். சந்தா ஜிபேயில் வந்துவிடுகிறது. அது யாருடைய பணம் என்பதுதான் புதிர். கணவர் கணக்கிலிருந்து மனைவியின் சந்தா வரும். மகளின் எண்ணிலிருந்து அப்பாவின் டி-ஷர்ட் பணம் வரும். மாதக் கடைசியில் பொருளாளர் ஸ்கிரீன்ஷாட்டுகளை வைத்துக்கொண்டு துப்பறிவாளர் ஆகிவிடுவார்.

குழுக்கள் பெருகிவிட்டன. சென்னை ரன்னர்ஸ் 2006-இல் தொடங்கியது. இன்று நகரின் பேட்டைகள் பலவற்றில் அதற்குக் கிளைகள் உண்டு. கோவையில் புற்றுநோய் அறக்கட்டளைக்கு நிதி திரட்ட 2013-இல் ஆரம்பித்த மாரத்தான், அந்த ஊரில் ஆண்டு முழுக்கப் பயிற்சி ஓடும் ஒரு கூட்டத்தையே வளர்த்துவிட்டது. உலக அளவிலும் இதே கதைதான். ஓட்டக் குழுக்களில் பங்கேற்பு 59 சதவீதம் கூடியிருப்பதாக, ஓட்டங்களைப் பதியும் செயலியை நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனத்தின் 2024 ஆண்டறிக்கை சொன்னது. தன் பயனாளர்களை வைத்து அந்த நிறுவனமே போட்ட கணக்கு என்றாலும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை அது காட்டுகிறது.

இந்தக் கூட்டத்தைக் குறிவைத்து மென்பொருள்களும் வந்துவிட்டன. நார்வேயின் ஸ்பாண்ட், அமெரிக்காவின் ஹெய்லோ, டீம்ஸ்னாப் போன்றவை வருகைப் பதிவு, சந்தா வசூல், அறிவிப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்து தருவதாகச் சொல்கின்றன. பதினேழாவது பெயர் தொலையாமல் இருக்க இப்படி ஏதோ ஒன்று வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் குழுக்கள் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில்தான் கோளாறு. என்னென்ன வசதி இருக்கிறது என்று நீளமாகக் கேட்கிறார்கள். நாளைக்கு இதை விட்டு வெளியேறினால் பதிவேடு நம் கையில் இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

பதிவேட்டுத் தலைவலி செல்போனோடு வந்ததும் இல்லை. 1938-இல் கோலாலம்பூரில், ஏ.எஸ். கிஸ்பெர்ட் என்பவரும் அவருடைய பிரிட்டிஷ் நண்பர்களும் மாலை நேரத்தில் காகிதத் துண்டுகளைத் தடயமாக வைத்து ஓடும் விளையாட்டைத் தொடங்கினார்கள். அவர்கள் சாப்பிட்ட விடுதியின் கேலிப் பெயரே குழுவுக்கும் ஒட்டிக்கொண்டது: ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ். இன்று உலகம் முழுக்கக் கிளை பரப்பியிருக்கிறது. கிஸ்பெர்ட் தொழிலால் கணக்காயர். ஆனாலும் குழுவுக்கு ஒரு வங்கிக் கணக்கு, வரவு-செலவு அறிக்கை, ஏதோ ஓர் ஒழுங்கு என்று கொண்டுவந்தவர் டார்ச் பென்னட் என்ற இன்னொருவர் என்பதை அந்தக் குழுவின் வரலாறு மறக்காமல் சொல்கிறது. போருக்குப் பிறகு, 1950-இல் சங்கமாகப் பதிவானபோது நோக்கங்களை எழுத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. வார இறுதியில் ஏறிய போதையை ஓடித் தெளிவிப்பது அதில் ஒன்று. ஜாலிக்காக ஓடியவர்களுக்கும் தாளும் பேனாவும் தேவைப்பட்டன.

ஓட்டத்துக்கும் மென்பொருளுக்கும் நடந்த கல்யாணங்களில் நன்றாக அமைந்தது எது என்று பார்த்தால், லண்டனின் தென்மேற்குப் பகுதிக்குப் போக வேண்டும். 2004 அக்டோபர் 2, புஷி பூங்கா. பால் சின்டன்-ஹியூவிட் காயத்தால் ஓட முடியாமல் இருந்தார், வேலையும் போயிருந்தது. நண்பர்களைப் பார்க்க ஒரு சாக்கு வேண்டும் என்று சனிக்கிழமை காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தார். ஓடியவர்கள் 13 பேர். கட்டணம் இல்லை. முடித்த வரிசையைக் குறிக்க, ஹார்டுவேர் கடையில் வாங்கிய வாஷர்களில் எண் பொறித்துக் கையில் கொடுத்தார்கள். அதுதான் பின்னால் பார்க்ரன் என்று பெயர் பெற்று, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் 2014-இலிருந்து நடக்கிறது. கோலாலம்பூரின் தாமான் புடு உலுவுக்கு 2018-இல் வந்தது.

வாஷர் இருந்த இடத்துக்குப் பார்கோடு வந்தது. மற்றபடி அதன் யோசனை மாறவில்லை. ஓடி முடிப்பவர் கோட்டைத் தாண்டும்போது ஒரு தன்னார்வலர் ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவார். வந்தது யார் என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இத்தனையாவது ஆள் இந்த நேரத்தில் வந்தார், அவ்வளவு போதும். வந்தவர் கயிறு கட்டிய பாதையில் வரிசை குலையாமல் நடந்து, எண் போட்ட டோக்கனை வாங்குவார். அடுத்து நிற்பவர் அந்த டோக்கனையும் ஓட்டக்காரர் கொண்டுவந்த பார்கோடையும் ஸ்கேன் செய்வார். 23-ஆவது நேரம், 23-ஆவது டோக்கன், அந்த டோக்கனுக்குரிய ஆள். மூன்றுக்கும் முடிச்சுப் போடுவது மட்டும்தான் மென்பொருளின் வேலை. சற்று நேரத்தில் முடிவு மின்னஞ்சலில் வந்துவிடும். ஒருமுறை பதிந்து வாங்கிய பார்கோடு எந்த நாட்டுப் பார்க்ரனிலும் செல்லும்.

இதிலும் ஓட்டை உண்டு. 23-ஆவதாக வந்தவர் டோக்கன் வாங்காமல் தண்ணீர் குடிக்க ஒதுங்கிவிட்டால், 24-ஆமவர் கைக்கு 23-ஆம் டோக்கன் போகும். அவருக்கு முன்னவரின் நேரம் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து கடைசி ஆள் வரை எல்லோருடைய நேரமும் ஒரு படி நகர்ந்துவிடும். மளிகைக் கடையில் ஒரு சீட்டு விடுபட்டால் ராத்திரிக் கணக்கு உதைப்பது மாதிரி. அதனால்தான் வரிசை குலையாமல் நடத்திக்கொண்டு போவதற்கென்றே சில தன்னார்வலர்கள் நிற்கிறார்கள். பார்கோடை மறந்து வந்தவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பட்டியலில் பெயரில்லாதவர்தான். இந்த விஷயத்தில் பரிதாபம் பார்ப்பதில்லை.

கவனிக்க வேண்டியது, இந்த மென்பொருளுக்குத் தெரியாதவை எவ்வளவு என்பது. ஓடியவர் எந்த வழியாக வீட்டுக்குப் போனார் என்று அதற்குத் தெரியாது. இதயம் எவ்வளவு துடித்தது என்று தெரியாது. விலை உயர்ந்த கைக்கடிகாரம் வேண்டாம். பல ஆண்டுகள் வரை பார்கோடைக் காகிதத்தில் அச்சடித்துத்தான் கொண்டுவரச் சொன்னார்கள். செல்போன் இல்லாத பாட்டியும் ஓடலாம். தேவையானதை மட்டும் கேட்டு, அதை ஒழுங்காகச் செய்தது. பெரிய கூட்டத்தைத் தாங்குவதற்குப் பெரிய மென்பொருள்தான் வேண்டும் என்பது எவ்வளவு தப்பு என்று அந்த வாஷர் கதை சொல்கிறது.

இன்னொன்றும் அங்கே கற்க இருக்கிறது. பார்க்ரன் ஓடியவர்களைக் கணக்கு வைப்பதுபோலவே தன்னார்வலர்களையும் கணக்கு வைக்கிறது. ஐம்பது, நூறு, இருநூற்றைம்பது முறை ஓடியவர்களுக்கு டி-ஷர்ட் உண்டு. இருபத்தைந்து முறை ஸ்டாப்வாட்ச் பிடித்தவருக்கும், கொடி பிடித்தவருக்கும் உண்டு. அடுத்த வாரம் யார் எந்த வேலைக்கு என்ற பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி முன்கூட்டியே இருக்கும். காலியிடம் கண்ணில் பட்டால் யாராவது ஒருவருக்கு மனம் இளகும். நம் ஊர்க் குழுக்களில் ஓடிய தூரத்துக்கு வாராவாரம் முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கிறோம். நாலே முக்காலுக்கு வந்து தண்ணீர் மேசை போட்டவரின் பெயர் எந்த எக்செல் தாளிலும் இல்லை.

எதை எண்ணுகிறோமோ அதுவே குழுவின் குணமாகிவிடும் என்பதற்கு பார்க்ரனில் நடந்த ஒரு சண்டையே சாட்சி. 2024 பிப்ரவரியில், ஒவ்வொரு பூங்காவின் வேகச் சாதனைகளையும், குறிப்பிட்ட நிமிடத்துக்குள் முடித்தவர்களின் பட்டியலையும் தளத்திலிருந்து அந்த அமைப்பு எடுத்துவிட்டது. வேகக் கணக்கைப் பார்த்து மெதுவாக ஓடுபவர்களும் நடப்பவர்களும் மிரண்டுவிடக் கூடாது என்பது அமைப்பின் நிலை. எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. திரும்பக் கொண்டுவரச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவை எடுத்தது யார் என்று பாருங்கள். ஓட்டத்தை நடத்தும் அமைப்பே எடுத்தது. மென்பொருள் அதன் கையில் இருந்ததால் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று அதுவே தீர்மானிக்க முடிந்தது. ஓடுபவர்களும் அதன் சட்டையைப் பிடித்துக் கேட்க முடிந்தது.

சாதாரணக் குழுக்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவை குடியிருப்பது வாடகை வீட்டில். வீட்டுக்காரர் எப்போது என்ன சொல்வார் என்று தெரியாது.

எண்டோமண்டோ என்றொரு செயலி இருந்தது. டென்மார்க்கில் பிறந்தது. ஓடுபவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள் லட்சக்கணக்கில் தங்கள் தூரத்தை அதில் பதிந்தார்கள். நண்பர்களுக்குள் சவால் விட்டுக்கொண்டார்கள். 2015-இல் அண்டர் ஆர்மர் என்ற விளையாட்டு உடை நிறுவனம் அதை 8.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு செயலியை மூடிவிட்டார்கள். முன்கூட்டிச் சொன்னார்கள், தரவை எடுத்துக்கொள்ள வழியும் கொடுத்தார்கள். அறிவிப்பைப் பார்க்காதவர்களின் ஆண்டுகள் அதோடு போயின.

அதே 2020-இன் ஜூலையில், ஓட்டத்தை அளக்கும் கைக்கடிகாரங்கள் செய்யும் கார்மின் நிறுவனத்தின் கணினிகளைப் பணம் பறிக்கும் கும்பல் பூட்டிவிட்டது. கைக்கடிகாரம் வேலை செய்தது; ஓடிய கணக்கு இணையத்துக்கு ஏறவில்லை. சில நாட்களில் சரியானது. அந்தச் சில நாட்களில் ஒரு வாரச் சவால் முடிய வேண்டியிருந்த குழு என்ன செய்திருக்கும்?

இதைவிட நேராகக் குழுக்களைத் தொட்டது 2024 நவம்பரில் ஸ்ட்ராவா செய்த மாற்றம். ஸ்ட்ராவாவில் பதிவாகும் ஓட்டங்களை எடுத்து, குழுவுக்குள் வாராந்தரத் தரவரிசை போடவும், பயிற்சியாளர் பார்க்கவும் சிறு சிறு செயலிகள் இருந்தன. சிலவற்றைக் குழுக்களில் இருந்த கணினிக்காரர்களே ஓய்வு நேரத்தில் எழுதியிருந்தார்கள். ஒருவரின் தரவை வெளிச் செயலிகள் அவருக்கு மட்டுமே காட்டலாம் என்று நிறுவனம் விதியைத் திருத்தியது. அந்தரங்கப் பாதுகாப்பு என்பது சொன்ன காரணம். அதில் அர்த்தமும் உண்டு. கொடுத்த அவகாசம் சில வாரங்கள். ராத்திரி கண்விழித்து எழுதிய தரவரிசைப் பலகைகள் பல, தங்கள் தவறு ஏதும் இல்லாமலேயே விதிக்குப் புறம்பாகிவிட்டன.

இவற்றைச் சொல்வது அந்த நிறுவனங்களைக் கெட்டவர்கள் என்று காட்ட அல்ல. அவர்களுக்கு அவர்கள் வியாபாரம். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளுக்கும் யாரோ பணம் கட்டுகிறார்கள். விளம்பரத்திலோ, சந்தா வசூலில் எடுக்கும் கழிவிலோ, நாளைக்கு ஏறப்போகும் கட்டணத்திலோ அது வெளிப்படும். விலை ஏறுவதையோ கடை மூடுவதையோ ஓர் ஓட்டக் குழு தடுக்க முடியாது. தன் பதிவேட்டின் பிரதி ஒன்றைத் தன் அலமாரியில் வைத்திருக்க முடியும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இருபது முப்பது பேர் கொண்ட குழுவாக இருந்து, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியுமானால், அவர்கள் சொல்வது சரி. ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். வாட்ஸ்அப்பும் சும்மா இருக்கவில்லை. 256 பேர் என்றிருந்த குழு வரம்பு 2022-இல் 1,024 ஆனது. வாக்கெடுப்பு வசதியும் அதே ஆண்டு வந்தது. பட்டியலைக் காப்பி எடுப்பதற்குப் பதில் வாக்கெடுப்பு வைத்தாலே பதினேழாவது பெயர் தப்பிவிடும். பல குழுக்கள் பழக்க தோஷத்தில் இன்னும் காப்பி எடுத்துக்கொண்டிருக்கின்றன என்பது வேறு விஷயம்.

ஆனால் வாட்ஸ்அப் பேச்சுக்குத்தான் திண்ணை. பதிவேட்டுக்கு அது அலமாரி ஆகாது. குழுவில் சேர்ந்த அன்றே ஒவ்வொருவரின் செல்போன் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு முன்பின் தெரியாதவரிடமிருந்து "ஹாய்" வருவது எத்தனை குழுக்களில் நடக்கிறது என்று பெண் உறுப்பினர்களைக் கேட்டால் தெரியும். அட்மின் ஊர் மாறினால், போன் தொலைந்தால், கோபித்துக்கொண்டு போனால், குழுவின் ஞாபகமும் அவரோடு போய்விடும். மயங்கி விழுந்தவரின் வீட்டு எண்ணை மூன்று மாதத்துக்கு முந்தைய செய்திகளில் தேட முடியாது. செயலாளர் தன் ஓட்டத்தை விட்டுவிட்டுப் பட்டியல் பார்க்கத் தொடங்கிய நாளே, குழு வாட்ஸ்அப்பைத் தாண்டிவிட்டது என்பதற்கு அடையாளம்.

பதிவேடு துல்லியமாக இருந்தால் கிடைக்கும் பலனும் சில இடங்களில் கண்கூடு. லண்டன் மாரத்தானில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பிரிட்டனில் தடகள அமைப்போடு இணைந்த ஓட்டக் கழகங்களுக்கு, அவற்றின் உறுப்பினர் எண்ணிக்கையைப் பொறுத்துச் சில இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. கழகம் தனக்குள் குலுக்கல் போட்டுக் கொடுக்கும். அங்கே உறுப்பினர் பட்டியல் என்பது வெறும் காகிதம் இல்லை. அதில் ஒரு பெயர் விடுபட்டால் சண்டை வரும்.

நம் ஊரில் இருக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் பந்தயத்துக்கானவை. டவுன்ஸ்கிரிப்ட் போன்ற தளங்கள் மாரத்தான் பதிவைச் சுலபமாக்கிவிட்டன. அது ஒரு நாள் கூத்து: பணம் கட்டு, பிப் (எண் அட்டை) வாங்கு, ஓடு, பதக்கத்தோடு படம் எடு. குழுவின் வேலை ஆண்டு முழுக்க நடப்பது. கல்யாண மண்டபம் பிடித்துத் தருகிறவரிடம் குடித்தனம் நடத்தித் தரச் சொல்ல முடியாது. வெளிநாட்டுக் குழு மென்பொருளைக் கொண்டுவந்தாலோ, முதல் படிவத்திலேயே இடறுகிறது. முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் கட்டாயம் நிரப்பச் சொல்கிறது. நம்மில் பலருக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். சிலர் கடைசிப் பெயரில் ஒரு புள்ளி வைக்கிறார்கள், சிலர் அப்பா பெயரைப் போடுகிறார்கள், சிலர் தங்கள் பெயரையே இரண்டு முறை எழுதுகிறார்கள். அப்புறம் தேடினால் ஒருவரும் அகப்படுவதில்லை. தமிழில் தட்டச்சு செய்யும் கண்டக்டருக்கும் காய்கறிக் கடைக்காரருக்கும் அந்தப் படிவம் வாசலிலேயே கதவைச் சாத்துகிறது. ஓடுவதற்கு ஒரு ஜோடி காலணி போதும். குழுவில் சேர ஆங்கிலம் வேண்டும் என்றாகிவிடுகிறது.

இந்தக் குறையைப் போக்க வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. சென்னையில் 2010-இல் தொடங்கி நாஸ்டாக் வரை போன ஃப்ரெஷ்வொர்க்ஸ், சென்னை மாரத்தானுக்கே பெயர் கொடுத்த நிறுவனம். விடிகாலையில் கடற்கரைச் சாலையில் ஓடுகிறவர்களைப் பத்து நிமிடம் நிறுத்தி விசாரித்தால் பல மென்பொருள் எழுத்தாளர்கள் சிக்குவார்கள். தமிழில் படிவம், வருகைப் பதிவு, சந்தா, தன்னார்வலர் முறைப்பட்டியல், அவசர எண் என்று ஐந்தே விஷயங்களைச் செய்யும் ஒரு திறந்தமூல மென்பொருளை அவர்கள் கூடி எழுதினால், ஓட்டக் குழுக்களுக்கு மட்டுமில்லாமல் தெருக் கிரிக்கெட் அணிக்கும் சிலம்பப் பள்ளிக்கும் அது உதவும். எண்டோமண்டோ போல ஒருநாள் மூடப்பட்டாலும், நிரல் வெளியில் இருப்பதால் வேறு யாராவது எடுத்து நடத்தலாம்.

பாதுகாப்பு விஷயத்தைத் தனியே சொல்லியாக வேண்டும். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா ஓர் உலக வரைபடத்தை வெளியிட்டது. எங்கெல்லாம் ஆட்கள் ஓடுகிறார்களோ அங்கெல்லாம் ஒளிக்கோடு. தனிநபர் பெயர் ஏதும் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதைக் கூர்ந்து பார்த்து, பாலைவனத்தின் நடுவே ராணுவ முகாம்களின் வடிவம் மின்னுவதைச் சுட்டிக்காட்டினார். உள்ளே இருந்த வீரர்கள் காலையில் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறார்கள். 2024-இல் பிரான்சின் லெ மோந்த் நாளிதழ், தலைவர்களின் மெய்க்காப்பாளர்கள் பதிந்த ஓட்டங்களை வைத்தே அந்தத் தலைவர்கள் எங்கே தங்கினார்கள் என்று கண்டுபிடித்துக் காட்டியது. அவ்வளவு காவல் உள்ளவர்களின் கதியே இது என்றால், தினமும் ஐந்து மணிக்கு ஒரே தெருமுனையில் ஓட்டத்தைத் தொடங்கி முடிக்கும் பெண்ணின் கதி என்ன? தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி செயலியில் இருக்கிறது. அதை யாரும் புதியவருக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. குழுவில் சேர்பவருக்கு டி-ஷர்ட் கொடுப்பதற்கு முன் சொல்லித் தர வேண்டிய பாடம் அது.

சட்டமும் வாசலுக்கு வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற்றுத்தான் தகவல் வாங்க வேண்டும். தேவை முடிந்தால் அழிக்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். வீட்டுத் தேவைக்காகத் தரவு வைத்திருக்கும் தனிநபருக்கு விலக்கு உண்டு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிந்த ஓட்டக் குழு, தனிநபர் என்று சொல்லித் தப்ப முடியாது. ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய மாரத்தானுக்காக வாங்கிய ரத்தவகை, மருத்துவக் குறிப்பு, ஆதார் படம் எல்லாம் யாரோ ஒரு முன்னாள் செயலாளரின் கூகுள் டிரைவில் இன்னும் கிடக்கிறதா என்று ஒவ்வொரு குழுவும் ஒரு முறை தேடிப் பார்ப்பது நல்லது.

செய்ய வேண்டியவை அதிகமில்லை, செலவும் இல்லை. பதிவேட்டுக்கு இரண்டு பேரிடம் சாவி இருக்கட்டும், வங்கி லாக்கர் மாதிரி. மாதம் ஒருமுறை முழுப் பட்டியலையும் சாதாரணத் தாளாக இறக்கி, குழுவின் பெயரில் உள்ள கணக்கில் போட்டு வைக்கட்டும். அப்படி இறக்க விடாத மென்பொருளை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லட்டும். தண்ணீர் மேசையில் நின்றவர்களின் பெயர் ஓடியவர்களின் பெயருக்கு மேலே வரட்டும். போன் இல்லாமல் வருபவருக்கு ஒரு நோட்டும் பேனாவும் மேசையில் இருக்கட்டும்.

சங்கச் சட்டப்படி ஆண்டுப் பொதுக்குழு எப்படியும் கூட வேண்டும். தலைவர் பேசுவார், பொருளாளர் வரவு-செலவு வாசிப்பார், அடுத்த மாரத்தான் டி-ஷர்ட்டின் நிறம் நீலமா ஆரஞ்சா என்று முக்கால் மணி நேரம் வாதம் நடக்கும். இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரலில், வரவு-செலவுக்கும் டி-ஷர்ட்டுக்கும் இடையே ஒரு வரி சேர்க்கலாம்: உறுப்பினர் பதிவேட்டின் கடவுச்சொல் இப்போது யாரிடம் இருக்கிறது?